பெயரைக் கேட்காத நில அளவை

நிலப்படம் வரையும் வேலை முடிந்துவிட்டது என்று நம்புகிறவர்களே இன்று அதிகம். செயற்கைக்கோள் மேலே சுற்றுகிறது, ட்ரோன் பறக்கிறது, கையிலிருக்கும் போனே நாம் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் பிசகில் சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க ஊர் ஊராகப் போய், “இந்த ஓடைக்கு என்ன பேரு, அந்தப் பாறைக்கு என்ன பேரு” என்று விசாரித்து எழுதுவது எதற்கு என்று கேட்கிறார்கள். ஊர்ப்பெயர் அரசிதழில் இருக்கிறது. நிலத்துக்குச் சர்வே எண் இருக்கிறது. மற்றவையெல்லாம் வயதானவர்கள் வாயில் கிடக்கும் வழக்கு. நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் வேண்டுமானால் ஆய்வேட்டுக்குச் சேகரித்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் முடிவு. நில அளவைத் துறையிலும் பொறியாளர்களிடமும் மட்டும் இருக்கிற எண்ணம் அல்ல இது. வரலாறு எழுதுகிறவர்களிலும் பலர், பழைய நில அளவைகளைப் பற்றி எழுதும்போது சங்கிலிக்கும் தியோடலைட்டுக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறார்கள். படத்தில் இருக்கும் பெயர்கள் யார் சொல்லி வந்தவை என்பதற்கு ஒரு பத்திகூட இருப்பதில்லை.

இந்தப் பார்வை அடியோடு தவறு. இடம் எங்கே இருக்கிறது என்பதைக் கருவி சொல்லும். அந்த இடம் என்ன, எதனோடு சேர்ந்தது, யாருக்கு என்ன உரிமை என்பதை அங்கே புழங்குகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் அதைப் பெயராகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சென்னையின் பரங்கிமலையிலிருந்தே தொடங்கலாம். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கே ஓர் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும்பணி அந்தக் கோட்டிலிருந்து விரிந்ததுதான். நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் எஃகு நீளும் அளவைக்கூட வெப்பமானி வைத்துக் கழித்து, ஏழரை மைலை அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. கோட்டின் மறுமுனை பெரும்பாக்கம் குன்று. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் இருக்கிற ஊர். அந்தச் சதுப்பை வட்டாரத்து மக்கள் கழுவெளி என்றார்கள்: மழைக்காலத்தில் சுற்றுப்பட்டு ஏரிகளின் உபரிநீர் வந்து விரிந்து நின்று, மெல்ல மெல்லக் கடலுக்கு வடியும் வெளி. பதிவேட்டுக்கோ அது பயிர் விளையாத, வரி தராத தரிசு. பதிவேட்டை நம்பிப் பின்னால் வந்தவர்கள் அங்கே மாநகரத்துக் குப்பையைக் கொட்டினார்கள், சாலை போட்டார்கள், மென்பொருள் நிறுவனங்களையும் அடுக்குமாடிகளையும் எழுப்பினார்கள். 1960-களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு, பத்தில் ஒரு பங்கு சொச்சமாகக் குறுகியது. 2015 டிசம்பரில் வேளச்சேரி முங்கியது, பெரும்பாக்கம் முங்கியது. 2022-இல்தான் எஞ்சிய சதுப்பு, உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது.

இந்த நிலத்தின் எல்லை, பரப்பு, உயரம் எதுவும் யாருக்கும் தெரியாமல் இல்லை. தெரியாமல் போனது, தெரிந்தவர்களிடம் கேட்காமல் விட்டது, அது என்ன நிலம் என்பது மட்டும்தான். பெயரை எழுதியிருந்தால் வெள்ளமே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. பணத்துக்கு நிலம் வளைக்க நினைப்பவரை ஒரு பெயர் தடுத்துவிடாது. ஆனால் எதிர்த்து நிற்கும் ஊர்க்காரர் கையில் ஒரு சான்று இருந்திருக்கும். தரிசு என்று அச்சிட்ட தாளுக்கு எதிரே, “நாங்கள் இதை இப்படித்தான் அழைக்கிறோம், மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்கும்” என்று எழுதிய இன்னொரு தாள் இருந்திருக்கும். அந்தத் தாள் இல்லாததால் அவர்கள் பேச்சு வாய்ப்பேச்சாகவே போயிற்று.

செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்க்கிறது என்று வாதிடுகிறவர்கள் கடலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைகள் கடலுக்கு அடியில் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் கிடக்கும் பாறைத் திட்டுகள். பார் என்பார்கள். இலங்கைக் கரையில் செவல் பார், பெரிய பார். தூத்துக்குடிப் பக்கம் குடமுத்துப் பார், நாகரைப் பார் என ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மேலே இருந்து பார்த்தால் ஒரே நீலம். 1900-களின் தொடக்கத்தில் கடலுயிர் ஆய்வாளர்கள் ஹெர்ட்மனும் ஹார்னெலும் இந்தப் படுகைகளை ஆராய வந்தபோது நீராவிக் கப்பல், நுண்ணோக்கி என்று எல்லாம் இருந்தன. ஆனாலும் அவர்கள் அறிக்கைகளிலும் கடற்படங்களிலும் பாருக்குப் பார் இருப்பது தமிழ்ப் பெயர்கள்தான். கரையின் கோபுரத்தையும் உள்ளே தெரியும் மேட்டையும் ஒரே கோட்டில் பிடித்து, இன்னொரு பக்கம் இன்னொரு சோடி அடையாளத்தைப் பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் நங்கூரம் போடத் தெரிந்த படகுத் தண்டல்களும் குளியாளிகளும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பெயர்கள் அவை. லாம்டனின் முக்கோணம் என்ன செய்ததோ அதையே இவர்களும் செய்தார்கள், கண்ணையும் நினைவையும் மட்டும் வைத்து. பெயர் இல்லையென்றால் அந்த அறிவைக் கைமாற்ற வழியில்லை. “செவல் பாரில் போன வருசம் குஞ்சுச் சிப்பிதான் இருந்தது, பெரிய பாரில் முதிர்ந்திருந்தது” என்று சொல்ல முடிவதால்தான் ஒரு முத்துக்குளிப்பை இந்த ஆண்டு நடத்தலாமா கூடாதா என்று முடிவெடுக்க முடிந்தது.

அளவையாளர்கள் அளந்தார்கள், பெயர்கள் ஏற்கெனவே ஊரில் கிடந்தன, அவற்றைப் படத்தில் ஒட்டிக்கொண்டார்கள் என்பதும் உண்மையில்லை. அளந்தவர்கள் யாரும் கேட்காமல் அளக்கவில்லை. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரை அளந்த தாமஸ் பர்னார்டு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் விவரத்தைத் திரட்டியது தன் சங்கிலியைக் கொண்டு மட்டுமல்ல. ஊர்க் கணக்கர்களின் ஓலைச்சுவடிகள் அவருக்கு முன்பே இருந்தன. அவற்றையும் கணக்கர்களின் வாயையும் நம்பித்தான் வேலை நடந்தது. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக 1815-இல் அமர்ந்த காலின் மெக்கன்சி, தன் உதவியாளர்கள் காவலி வெங்கட போரய்யாவும் அவர் தம்பி லட்சுமய்யாவும் இன்னும் பலரும் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிய கைபீது என்னும் ஊர் வரலாறுகளோடுதான் தன் படங்களை வரைந்தார். அவற்றின் ஒரு பகுதி இன்றும் சென்னையில் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது.

தஞ்சாவூர் டெல்டா தட்டை நிலம். தென்னையும் பனையும் மறைக்கும். குன்று கிடையாது. லாம்டன் கோயில் கோபுரங்களையே அளவை நிலையங்களாக ஆக்கிக்கொண்டார். 1808-இல் பெரிய கோயில் கோபுரத்துக்கு அவருடைய பெரிய தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி கோபுரத்தில் மோதி நசுங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கவனிக்காமல் விடுவது வேறொன்று. எந்தக் கோபுரம், எந்தக் குன்று, எந்த ஊர்க் கரை என்று ஊர்க்காரர் வழக்கில் எழுதி வைத்ததால்தான் அடுத்து வந்த அளவையாளர் அந்த நிலையத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. கோண அளவைப் போலவே நிலையத்தின் பெயரும் அந்த அளவையின் ஓர் உறுப்பு.

அதற்கும் முன்னால் நம் மன்னர்கள் நிலம் கொடுத்தபோது என்ன செய்தார்கள்? இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது, பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த ஊர் எல்லைக்கு வடக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செப்பேட்டில் வெட்டினார்கள். சோழர் கல்வெட்டுகளில் வதி, வாய்க்கால், கண்ணாறு, சதுக்கம் என்று வரிசை எண்ணும் இருக்கிறது, வாய்க்காலுக்குப் பெயரும் இருக்கிறது. எண்ணும் பெயரும் ஒன்றையொன்று விலக்குபவை என்பது பிற்காலத்து எண்ணம். அளவையை அறிந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள்.

பெயரைக் கேட்டு எழுதுவதை ஒழுங்கான ஒரு முறையாக்கியதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஆர்ட்னன்ஸ் சர்வே நடந்தபோது படத்தோடு கூடவே பெயர்ப் புத்தகங்களும் எழுதினார்கள். ஒரு பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். முதல் கட்டத்தில் படத்தில் ஏறப்போகும் பெயர். அடுத்ததில் அந்தப் பெயரை யார் யார் எப்படி எப்படி எழுதுகிறார்கள் என்ற வடிவங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. மூன்றாவதில், ஒவ்வொரு வடிவத்துக்கும் நேராக, அதைச் சொன்னவர்: இன்ன பண்ணைக்காரர், இன்ன பாதிரியார், இன்ன பள்ளி ஆசிரியர். பிறகு இடம் இருக்கும் திசை. கடைசியில் சில வரி விவரம்: ஓடையா, இடிந்த வீடா, கோடையில் வற்றுமா, பழைய கல்லறைக் கற்கள் உண்டா. ஒரு சாதாரண ஊற்றுக்குக்கூட இவ்வளவும் எழுதியிருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் இடிந்தது என்று பதிவான குடில்களைக் கொண்டு, குடியானவர்கள் வெளியேற்றப்பட்ட பள்ளத்தாக்குகளை இன்று அடையாளம் காண முடிகிறது. எழுதிய ராணுவப் பொறியாளனுக்கு அந்த நோக்கம் இருந்திருக்காது. ஆனால் கேட்டதை எழுதினான்.

அந்த முறையில் ஒரு பெரிய கோளாறும் இருந்தது. சாட்சியாக யாரைக் கேட்பது என்பதில் நிலக்கிழாருக்கும் அவர் காரியஸ்தருக்கும் படித்தவருக்கும் முதல் மரியாதை. சிறு குடியானவரின் சொல்லுக்குக் கடைசி இடம். கேலிக் மொழி பேசிய மேய்ப்பன் சொன்ன பெயரை, அந்த மொழியே தெரியாத ஒருவர் திருத்திய இடங்களும் உண்டு. ஆனால் இந்தக் கோளாறு நமக்குத் தெரிவதே மூன்றாவது கட்டத்தால்தான். சொன்னவர் யார் என்று எழுதி வைத்ததால், யாரைக் கேட்கவில்லை என்பதும் தெரிகிறது. நம் நில அளவைப் படங்களில் அந்தக் கட்டமே இல்லை. ஆகவே நம் பிழைகளைக் கண்டுபிடிக்கக்கூட வழி இல்லை.

இங்கே இன்னொரு தரப்பு எழுந்து நிற்கும். நில அளவையே வெள்ளையன் நம்மை ஆளப் போட்ட வலை. அவன் பதிந்த பெயர்களெல்லாம் சிதைவு. அந்தத் தாள்களை வைத்து என்ன ஆய்வு என்று கேட்கும். அயர்லாந்தை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். 1824-இல் தொடங்கிய ஐரிஷ் அளவை ஐரிஷ் மொழிப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குள் அடக்கியது உண்மை. பிரையன் ஃப்ரீலின் 1980-ஆம் ஆண்டு நாடகம் அந்த வலியை உலகறியச் செய்தது. ஆனால் அதே அளவைக்காக 1834 முதல் ஊர் ஊராக நடந்த ஜான் ஓ’டோனவன், படத்தில் ஏறிய ஆங்கில வடிவத்தோடு ஊரார் சொன்ன ஐரிஷ் வடிவத்தையும் பெயர்ப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பிரிவுகளின் பெயர்கள். அடுத்த இருபது ஆண்டுக்குள் பெரும் பஞ்சம் வந்தது. அந்தப் பெயர்களைச் சொன்ன ஊர்களில் பல ஆளற்றுப் போயின. 1946-இல் அயர்லாந்து அரசு இடப்பெயர் ஆணையம் அமைத்து ஐரிஷ் வடிவங்களை மீட்கப் புறப்பட்டபோது, கையில் எடுத்த முக்கியமான சான்றுகளில் ஓ’டோனவனின் எழுத்தும் ஒன்று. ஆட்சியாளர் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். கேட்டவர் நேர்மையாக எழுதியிருந்தால் அந்தத் தாள் கடைசியில் ஊராருக்கே திரும்பி வருகிறது.

நம்மிடம் இந்தத் தரப்பின் கை ஓங்கியதன் விளைவை 2020-இல் பார்த்தோம். ஆயிரத்துப் பதினெட்டு ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. அந்த எழுத்துக்கூட்டலைப் படித்தால் வேலூர் ‘வீலூர்’ என ஒலித்தது. ஊர்க்காரர்களே எதிர்த்தார்கள்; சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆணையின் பின்னால் இருந்த மொழிப்பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் திருத்துவதும் பதிவதும் வெவ்வேறு வேலைகள். திருத்த வருகிறவன், சரியான வடிவம் எது என்று முன்னமே முடிவு செய்துகொண்டு வருகிறான். பதிய வருகிறவனுக்கு முன்முடிவு இருக்கக் கூடாது. நம்மவர்களின் இடப்பெயர் ஆய்வு ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ தொட்டு இன்றுவரை பெரும்பாலும் பெயரின் வேர் தேடும் ஆய்வாகவே இருக்கிறது. நல்ல ஆய்வுகள்தான். ஆனால் ஊர்ப்பெயரின் வேரைத் தேடியவர்கள், அந்த ஊருக்குள் இருக்கும் மடைக்கும் களத்துக்கும் கரட்டுக்கும் இன்று என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டார்கள்.

“ஒரு இடத்துக்கு ஆளுக்கொரு பேர் சொல்கிறார்களே, எதை எழுதுவது?” என்ற கேள்வியை எல்லா அலுவலகங்களிலும் கேட்டிருக்கிறேன். பதிவை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இதுதான் என்று அவர்களே நினைக்கிறார்கள். உண்மையில் பதிவுக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுதான்.

சிவகங்கைச் சீமையில் கண்மாய்கள் சங்கிலித் தொடராக இருக்கின்றன. மேலூர்க் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே வழிந்து கீழூர்க் கண்மாய்க்குப் போகும். இடையில் ஓடும் கால் ஒன்றுதான். மேலூர்க்காரர் அதை மறுகால் என்பார்கள்; நிறைந்தது போக வெளியேறும் தண்ணீர். கீழூர்க்காரர் அதையே வரத்துக்கால் என்பார்கள். தங்களுக்கு உரிய தண்ணீர் வரும் வழி. அளவையாளர் ஒரு பெயரைத் ‘தேர்ந்தெடுத்தால்’ ஓர் ஊரின் உரிமையை எடுத்துவிட்டார் என்று பொருள். மறுகால் என்று மட்டும் எழுதிய படத்தை வைத்துக்கொண்டு, மேலே ஒருவர் அதில் மண் போட்டுப் பாதையாக்கினால், உபரி போகிற கால்தானே என்று அதிகாரி விட்டுவிடுவார். வரத்துக்கால் என்றும் எழுதியிருந்தால், கீழே ஒரு கண்மாய் காத்திருக்கிறது என்று அந்தப் பெயரே சொல்லும். பெயர் இரண்டாக இருப்பதால் குழப்பம் வருகிறது என்பது அலுவலகத்தின் கவலை. இரண்டு பெயர் இருப்பதில்தான் தண்ணீர் ஓடும் திசையும், யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்பதும் அடங்கியிருக்கின்றன.

அப்படியொரு கண்மாய்க் கரையில் நீர்க்கட்டி ஒருவரோடு நடந்திருக்கிறேன். வயது எழுபதுக்கு மேல். பரம்பரையாக மடை திறந்து அடைக்கிற குடும்பம். என் கையில் புலப்படத்தின் நகல். அதில் கண்மாய் முழுவதும் ஒரே சர்வே எண், பரப்பு ஹெக்டேரில், ‘அரசு புறம்போக்கு’ என்று ஒரு வரி. எல்லைக் கற்களுக்கு இடையில் மீட்டர் கணக்கு எழுதிய கோடுகள். அவ்வளவுதான். அவர் கையில் மண்வெட்டி. “ஐயா, இது என்ன மடை?” என்றேன். “இது கோயில் மடை தம்பி. அங்கிட்டு நடுமடை. அதுக்கு அப்புறம் தெரியுது பாருங்க, குமிழி மடை. கோயில் மடைத் தண்ணி அந்த மேட்டு வயலுக்கு ஏறாது; அதுக்கு நடுமடையத்தான் தொறக்கணும்” என்றார். கரைக்குக் கீழே கிடந்த வயல்களையும் அவர் மடையை ஒட்டியே பெயர் சொன்னார். தண்ணீர் குறைந்த வருசம் எந்த மடைக்கு முதல் முறை, எதற்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அந்தப் பெயர்களின் மேல்தான் நிற்கின்றன. புலப்படத்தில் மூன்று மடைக்கும் இடமே இல்லை. வயல்கள் 118/2பி1ஏ என்கிற மாதிரி உட்பிரிவு எண்களாக இருக்கின்றன. பாகப் பிரிவினை ஆக ஆக எண்ணின் வால் நீளும். மறு அளவை நடந்த ஊர்களில் எண்ணே மாறிவிட்டது. பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று ஒப்புநோக்குப் பட்டியல் தேடித் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம். இந்த மாற்றத்திலெல்லாம் மாறாமல் நின்றது கோயில் மடைதான்.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இதை வேறு விதமாகச் செய்தார்கள். போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் தொடர்ந்த நிலப் பதிவேடுகளான தோம்புகளின் வழி வந்த வழக்கப்படி, அங்கே ஒவ்வொரு காணிக்கும் பெயர் உண்டு. கலட்டி, புலம், தாழ்வு, வளவு என்று முடியும் பெயர்கள். உறுதிப் பத்திரத்தில் முதலில் காணியின் பெயர், பிறகு பரப்பும் குழியும், பிறகு நான்கு எல்லையிலும் யார் காணி என்பது. 1990-இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் பலர் இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்துத் திரும்பியபோது வீடு இல்லை, கதிகால் வேலி இல்லை, பனை வரிசை இல்லை, ஒழுங்கையும் தெரியவில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் எல்லாம் அழிந்த நிலத்தில், பெட்டியில் பத்திரப்படுத்திய உறுதியில் இருந்த காணிப் பெயரும், அயலவர் நினைவில் இருந்த அடுத்த காணிப் பெயரும்தான் பேச்சைத் தொடங்க உதவின. உள்ளூர்ப் பெயர் பழம்பெருமை பேசவே உதவும் என்பவர்கள் அந்த மக்களிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

எதிர்வாதங்களில் ஒன்றே ஒன்று என்னை உண்மையாகவே நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ஊர்களில் வழங்கும் பெயர்களில் சாதி இழிவு ஏறிய பெயர்களும் உண்டு. தெருவுக்கு, குளத்துக்கு, சுடுகாட்டுக்கு அப்படிப்பட்ட பெயர்கள் இன்னும் வாயில் இருக்கின்றன. கேட்டதையெல்லாம் எழுது என்றால் அந்த அவமானத்தையும் படத்தில் ஏற்றி நிலைநிறுத்துவாயா என்று கேட்கிறார்கள். 2025-இல் தமிழக அரசு ‘காலனி’ என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. நியாயமான முடிவு. யாரும் தன் முகவரியில் ஓர் இழிசொல்லைச் சுமக்கக் கூடாது. பெயர்ப் பலகையில், குடும்ப அட்டையில், போன் காட்டும் படத்தில் அது இருக்கவே கூடாது.

ஆனால் புழங்கும் படமும் ஆய்வுப் பதிவேடும் ஒன்றல்ல. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பின்னால் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை இன்று மீட்கப் போராடுகிறவர்கள் எதை வைத்துப் போராடுகிறார்கள்? பழைய பதிவேட்டை வைத்துத்தான். எந்த நிலம் யாருக்கு இருந்தது, யாரை ஊரின் எந்த மூலையில் ஒதுக்கினார்கள், யாருக்கு எந்தக் கிணறு மறுக்கப்பட்டது என்பதற்கு இடப்பெயர் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியைத் துடைத்துவிட்டால் இழிவு செய்தவர்களுக்கே வசதி. ஆகவே அந்தப் பெயரைத் தேதியோடு, ‘மற்றவர்கள் இப்படி அழைத்தார்கள்’ என்ற குறிப்போடு, பொதுப் பார்வைக்கு வராத அடுக்கில் பதிய வேண்டும். கூடவே அங்கே வாழ்கிறவர்கள் தங்கள் இடத்துக்குத் தாங்களே சொல்லும் பெயரை முதலில் எழுத வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அப்படி அவர்களே சொல்லும் பெயரை இதுவரை யாரும் கேட்டதே இல்லை.

யாரைக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலைவரையும் மிராசுதாரையும் கூப்பிட்டுக் கேட்டால் ஸ்காட்லாந்தின் கோளாறு அப்படியே இங்கே வரும். ஆட்டுக்கிடையோடு மாவட்டம் மாவட்டமாக நடக்கும் கீதாரிக்குத் தெரிந்த ஊருணியும் மந்தையும் ஊர்த் தலைவருக்குத் தெரியாது. விறகுக்கும் கீரைக்கும் போகிற பெண்களுக்குக் கரட்டில் ஒவ்வொரு பாறைக்கும் பெயர் தெரியும். அவர்களை எந்தச் சர்வேயரும் கேட்டதில்லை. நாற்று நடுகிறவர்கள் வயலுக்குச் சொல்லும் பெயரும் பட்டாதாரர் சொல்லும் பெயரும் பல நேரம் வேறுபடும். அந்த வேறுபாட்டையும் எழுத வேண்டும்.

செலவு ஆகும், ஆள் இல்லை என்பது கடைசித் தடுப்பு. ட்ரோனை வைத்து அளக்கப் போகும் குழு எப்படியும் ஊருக்குள் நுழைகிறது. எல்லைக்கல் தேடி நடக்கத்தான் செய்கிறது. தலையாரியும் கூடவே வருகிறார். அந்த நடையில் கேள்வி ஒன்றைச் சேர்த்தால் போதும். கணினியில் இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தன்னார்வலர்கள் நடத்தும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே ஓர் இடத்துக்குப் பொதுப்பெயர், வட்டார வழக்குப்பெயர், பழைய பெயர், மாற்றுப்பெயர் என்று தனித்தனியாகப் பதியும் வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. 2007-இல் ஐக்கிய நாடுகளின் புவியியல் பெயர்கள் மாநாடு, இடப்பெயர்கள் மரபுச் செல்வத்தின் பகுதி என்று தீர்மானம் போட்டது. நம் ஊர்களின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலும் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கலம் உண்டு. பெரும்பாலான ஊர்களில் அது காலியாகத்தான் கிடக்கிறது.

அந்தக் கலத்தோடு ஒரு தாளை இணைக்க வேண்டும். அதில் பெயர், அதைச் சொல்கிறபடியே, தமிழ் எழுத்தில். ஒலிப்பதிவு இருந்தால் அதன் எண். வேறு வடிவங்கள் எல்லாம். ஒவ்வொன்றையும் சொன்னவரின் வயது, தொழில், ஊரில் அவர் எந்தப் பகுதி. அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, முன்னால் என்ன இருந்தது. மரம் வெட்டப்பட்டிருந்தால், கிணறு தூர்ந்திருந்தால், பாறை கல்குவாரிக்குப் போயிருந்தால் அதுவும். சொன்னவர் பெயரை வெளியிடலாமா என்று அவரிடமே கேட்டுக் குறிக்க வேண்டும். நிரப்பிய தாளை ஊர்ச் சபையில் வாசித்துக் காட்டி, யாராவது மறுத்தால் அவர் சொல்வதையும் பக்கத்தில் எழுத வேண்டும். முதலில் எழுதியதை அடிக்கக் கூடாது. ஒரு படி மாவட்ட நில அளவை அலுவலகத்துக்கு, ஒரு படி ஊராட்சிக்கு, ஒரு படி உள்ளூர்ப் பள்ளிக்கு. மழைக்கு முன்னால் கண்மாய்களையும் கால்களையும் முடித்துவிட வேண்டும். நீர்க்கட்டிகளில் பெரும்பாலோருக்கு இப்போதே எழுபதுக்கு மேல்.